ஒரு கட்டம் பச்சை

அந்த வீட்டில் பொய் சொன்ன பிள்ளைக்கு அடி விழாது. வெயிலில் நிற்க வேண்டும். வயலுக்கு நடுவே, எந்த மரத்தின் நிழலும் எட்டாத இடமாகப் பார்த்து அப்பா நிறுத்துவார். "உண்மை வாய்க்கு வர்ற வரைக்கும் நில்லு" என்று சொல்லிவிட்டு மோட்டார் கொட்டகையில் போய் உட்கார்ந்துகொள்வார். பேனாவைத் தொலைத்துவிட்டுத் திருடு போனதாகச் சொன்ன அன்று பெரியவன் காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றான். சின்னப் பையன். கழுத்துத் தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிந்துவந்தது. அம்மா எண்ணெய் தடவினாள், அதுவும் அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து.

ஊரில் அவருக்கு நெசக்காரர் என்று பேர். பாகப் பிரிவினை என்றால் அவரைக் கூப்பிட்டுச் சாட்சி வைப்பார்கள். கல்யாணப் பேச்சு என்றால் அவர் காதுக்கு எட்டாமல் பார்த்துக்கொள்வார்கள்.

பிள்ளைகள் இரண்டும் படித்து நகரத்துக்குப் போய்விட்டன. பெரியவன் வண்டி உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் குடோனைப் பார்த்துக்கொண்டான். கல்யாணமும் ஆகிவிட்டது. தங்கை சின்னவள், அண்ணன் வீட்டிலேயே ஓர் அறையில் தங்கி வேலைக்குப் போய்வந்தாள். அவள் வேலை என்ன என்று அம்மாவுக்குப் புரியவைக்கப் பலதடவை முயன்றிருக்கிறாள்.

"செயற்கைக்கோள் மேல சுத்திக்கிட்டே பூமியைப் படம் எடுக்கும்மா. அந்தப் படமெல்லாம் சும்மாவே கிடைக்குது. ஆனா ஒவ்வொண்ணும் பாறாங்கல் மாதிரி இருக்கும், சாதாரண ஆளால தூக்க முடியாது. நாங்க அதைச் சில்லு சில்லா உடைச்சு, யார் வேணா போன்லயே பாக்கிற மாதிரி பண்றோம்."

"கல்லு உடைக்கிற வேலைன்னு சொல்லு" என்றாள் அம்மா.

அதில் சின்னவளின் பங்கு மேகத்தைக் கழிப்பது. வருகிற படங்களில் பாதிக்குமேல் மேகம்தான் இருக்கும். எது மேகம், எது மண் என்று கணினிக்குச் சொல்லித்தர வேண்டும். தகரக் கூரை மேகம் மாதிரி மின்னும். சுண்ணாம்பு அடித்த மொட்டை மாடியும் அப்படியே. மேகத்தின் நிழலோ ஏரி மாதிரி கிடக்கும். குளிரூட்டிய அறையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு, இது மேகம், இது கூரை, இது நிழல் என்று நாள் முழுக்கப் பிரித்துக்கொண்டிருப்பாள். அது முடிந்தபிறகு பச்சைக் கோடு என்று ஒன்றைச் செய்தாள். உலகத்தில் எந்த இடத்தைத் தொட்டாலும் அந்த இடம் எப்போது பச்சையாக இருந்தது, எப்போது காய்ந்தது என்று வருடக்கணக்காக ஒரு கோடு ஏறி இறங்கிக் காட்டும். டீம் லீடருக்கு அந்தக் கோட்டின்மேல் கொள்ளைப் பிரியம். "இதைத்தான் ஜனங்க பிடிச்சுக்குவாங்க பாருங்க" என்பார்.

அப்பா ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்வார். பெரியவனிடம் சுருக்கமாகவும் சின்னவளிடம் கொஞ்சம் நீட்டியும் பேசுவார்.

"பயறு முழங்காலுக்கு மேல நிக்குதும்மா. பூ வெச்சாச்சு. இந்த வருஷம் பூச்சிகூடக் கம்மி."

அறுவடை முடிந்ததும் லாரியில் ஒரு மூட்டை வந்து இறங்கும். மூன்று வருடத்துக்கு முன்னால் நிலத்தை விற்றுவிட்டு எங்களோடு வந்து இருங்கள் என்று பெரியவன் கூப்பிட்டபோது, "அந்த மண்ணு இருக்கிற வரைக்கும் உன் வீட்டு உலை கொதிக்கும்டா. உன் கம்பெனியை நம்பியா நான் வரணும்?" என்று கேட்டவர் அவர். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட மூட்டை தவறியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்பா பேசி முடித்தபிறகுதான் சாப்பிட உட்கார்ந்தார்கள். அண்ணி குக்கரைத் திறந்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"இந்தத் தடவை பயறுல என்னமோ கோழி நாத்தம் அடிக்குது."

"லாரில பக்கத்துல கோழி ஏத்தியிருப்பான்" என்றான் பெரியவன்.

சின்னவள் அன்று நல்ல குஷியில் இருந்தாள். சோதனைக்காக அந்தப் படங்களின் இணையதளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டிருந்தார்கள். "நம்ம வயலைப் பாக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே போனை மேசைமேல் வைத்தாள். ஊர்ப் பெயரைத் தட்டி, ரோட்டைப் பிடித்து, சுடுகாட்டைத் தாண்டி, கிணற்று மேட்டுக்கு வந்தாள். நாலு வரப்பும் தெளிவாகத் தெரிந்தன. உள்ளே வெறும் மண். ரொட்டியைக் கருக விட்டது மாதிரி ஒரு பழுப்பு.

அண்ணிதான் முதலில் பேசினாள். "வேற யார் நிலமோ?"

சின்னவள் திரையில் அந்த நிலத்தைத் தொட்டாள். கோடு வந்தது. பழைய வருடங்களில் ஒட்டகத்தின் முதுகு மாதிரி ஏறி இறங்கிய கோடு, கடைசி மூன்று வருடமாகத் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது.

"மேகம் மறைச்சிருக்குமோ?" என்றான் பெரியவன்.

"இல்ல. மேகத்தை நானேதான் கழிச்சேன்."

"பின்னாடி போ. இன்னும் பின்னாடி." ஒவ்வொரு பருவமாக அவளைத் தள்ளச் சொன்னான். சோற்றில் வைத்த கை காய்ந்துபோயிற்று. கடைசியில் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

"முழங்காலுக்கு மேல நிக்குதாமே."

படத்தை அச்செடுத்துத் தரச் சொன்னான். பழைய படம், ஏதோ தவறு என்று அவள் சொல்லியிருக்கலாம். அந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு அது வாயில் வரவில்லை. மறுநாள் ஆபீஸில் நல்ல தாளில் எடுத்துக்கொடுத்தாள்.

அடுத்த வாரம் எல்லோரும் ஊருக்குப் போனார்கள். அப்பா கட்டிலில் உட்கார்ந்து எதிர்வீட்டுத் தையல்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். தையல்காரர் எழப்போனபோது, "இருங்க அண்ணே, என்ன அவசரம்" என்று பெரியவன்தான் உட்காரவைத்தான். அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். பெரியவன் அதை ஆற அமரக் குடித்தான். பிறகு கேட்டான்.

"விளைச்சல் எப்படிப்பா இந்தத் தடவை?"

"குறை சொல்றதுக்கில்ல."

"தண்ணி பத்துதா?"

"பத்தாம என்ன. ஒருநாள் விட்டு ஒருநாள் பாய்ச்சுறேன்."

"ஆள் கிடைக்குதா களையெடுக்க?"

"ரெண்டு பேரு வர்றாங்க. நானும் குனிஞ்சா முடிஞ்சிரும்." அவருக்கே உற்சாகம் வந்துவிட்டது. காய் எப்படித் திரண்டிருக்கிறது என்று விரலை மடக்கிக் காட்டினார். தையல்காரர் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயல்காட்டில் தண்ணீர் இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனால் நெசக்காரர் தன் காதுபடப் பொய் சொல்லுவதை அவர் கேட்பது இதுதான் முதல் தடவை.

பெரியவன் பையிலிருந்து தாளை எடுத்து அப்பாவின் மடியில் விரித்தான்.

"என்னடா இது?"

"நம்ம வயல். போன வாரம் எடுத்தது."

"யாரு எடுத்தா?"

"மேலேருந்து எடுத்தது."

அப்பா அனிச்சையாக அண்ணாந்து கூரையைப் பார்த்தார். பெரியவன் அதற்கும் சிரித்தான். அப்பா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கிணற்று மேட்டைக் கண்டுபிடித்தார், அங்கிருந்து வரப்பை விரலால் தடவிக்கொண்டே போனார். பிறகு சின்னவளைப் பார்த்தார்.

"நீ பண்ணியாம்மா?"

அவள் தலையாட்டினாள்.

"போன ஞாயித்துக்கிழமை பூ வெச்சிருச்சுன்னீங்க" என்றான் பெரியவன். குரலை உயர்த்தவே இல்லை. "எங்க பூ? காட்டுங்க. இதுல எந்த இடத்துல? மூணு வருஷமா எங்க வீட்டுக்கு வர்ற மூட்டை யாரு நிலத்துல விளைஞ்சது? எனக்குத் தெரியாம யாருக்கு வித்தீங்க?"

சமையலறை வாசலில் நின்ற அம்மா பேசினாள். "யாருக்கும் விக்கலைடா. நீ நிலத்தை வித்துரலாம்னு சொல்லிட்டுப் போன, அந்தக் கோடையில கிணறு போயிருச்சு. உன்கிட்ட எந்த வாயால சொல்லுவாரு? விடியறதுக்குள்ள சைக்கிள எடுத்துக்கிட்டு ரெண்டு ஊரு தள்ளிப் போய்க் கோழிப்பண்ணையில பீ அள்ளுறாரு. அதுல வாங்கி அனுப்புற பயறுதான் அது."

"உன்னை யாரு கேட்டா?" என்றார் அப்பா அவளிடம்.

அண்ணி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். பெரியவனின் முகம்கூட ஒரு கணம் இளகிய மாதிரி இருந்தது. ஆனால் எத்தனையோ வருடமாக உள்ளே கிடந்த ஒன்று அவன் வாய்வரைக்கும் வந்துவிட்டது. அதைத் திரும்ப விழுங்க அவனால் முடியவில்லை.

"பேனாவுக்காக என்னை எங்க நிறுத்துனீங்க, ஞாபகம் இருக்கா? எழுந்திரிங்க. போய் வெயில்ல நில்லுங்க."

தையல்காரர் செருப்பைத் தேடினார். ஒன்று கட்டிலுக்கு அடியில் போயிருந்தது. அதைக் காலால் இழுத்து எடுத்துக்கொண்டு போனார். அப்பா தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். துண்டு எடுக்கவில்லை.

சாப்பாட்டுக்கு அவர் வரவில்லை. மத்தியானம் பஸ்ஸுக்கு நடந்துபோகும்போது அவரைப் பார்த்தார்கள். வயல் நடுவில் நின்றுகொண்டிருந்தார். அண்ணி, "ஐயோ, போய்க் கூப்பிடுங்க" என்றாள். பெரியவன் கடிகாரத்தைப் பார்த்து, பஸ் போய்விடும் என்றான். சின்னவள் வரப்பு வரைக்கும் போய், "அப்பா" என்றாள். அவர் திரும்பவில்லை. பஸ் ஹாரன் அடித்தது. அவள் ஓடிவந்து ஏறிக்கொண்டாள்.

தையல்காரர் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் கடைக்கு வராத ஆள் ஊரில் கிடையாது. நடந்ததை ஒருவனிடம் சொல்லப்போக, அவன் அந்தத் தளத்தைப் போனில் தேடிப் பிடித்துவிட்டான். அளவு கொடுக்க வந்தவன், பொத்தான் தைக்க வந்தவன் எல்லோரும் போனை எடுத்து, "நெசக்காரர் வயலைத் தட்டு பாப்போம்" என்று பார்க்க ஆரம்பித்தார்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று செய்ததுதானே. கோடு படுத்துக் கிடப்பதைக் காட்டி, "ஆளு எப்ப படுத்தாருன்னு தேதியோட போட்டிருக்கான் பாரு" என்று சொல்லிச் சிரித்தார்கள்.

கொஞ்ச நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை இல்லாத ஒரு நாளில், அப்பாவிடமிருந்து சின்னவளுக்கு ஆபீஸுக்கே போன் வந்தது. அவள் பதறி வெளியே வந்து எடுத்தாள்.

"ஒண்ணுமில்ல. ஒரு விஷயம் கேக்கணும். அந்தப் படத்துல, எவ்ளோ இடம் பச்சையா இருந்தா தெரியும்?"

அப்பா தன் வேலையைப் பற்றிக் கேட்கிறார் என்பதே அவளுக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு விளக்கினாள். "படம் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டம்ப்பா. ஒரு கட்டம்னா தரையில பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். அதைவிடச் சின்னதா இருந்தா கண்ணுக்குப் படாது."

"எத்தனை நாளைக்கு ஒருதரம் எடுக்கிறான்?"

"அஞ்சு நாள். மேகம் இல்லைன்னா."

"இங்க எங்க மேகம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவர் கோழிப்பண்ணைக்குப் போவதை நிறுத்திவிட்டார் என்று பிறகுதான் தெரிந்தது. வயலின் ஒரு மூலையில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் அளந்து, கயிறு கட்டி, கொத்திக் கிளறிப் பயறு தெளித்தார். கிணற்றில் தண்ணீர் இல்லை. ரோட்டோரக் குழாயில் குடிதண்ணீர் வரும். சைக்கிளின் இரண்டு பக்கமும் கேன் கட்டி, அங்கே பிடித்து, வயல்வரைக்கும் தள்ளிக்கொண்டு போவார். ஏறி ஓட்டினால் தளும்பிக் கொட்டும், அதனால் போகும்போது நடைதான். வரப்பில் சைக்கிள் ஏறாது. அங்கிருந்து கேன்களைக் கையில் தூக்க வேண்டும். தண்ணீரை ஊற்றினால் மண் வெடிப்பில் இறங்கிவிடும் என்று டப்பாவின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டுத் தெளித்தார். விடிந்ததிலிருந்து குழாய் நிற்கும்வரை இதுதான். சாயங்காலம் மறுபடி. குழாயடியில் பெண்கள் முணுமுணுத்தார்கள். குடிக்கிற தண்ணியைக் கொண்டுபோய் வானத்துக்குக் காட்டவா என்று ஒருத்தி அவர் கேனை எடுத்துக் கவிழ்த்தே விட்டாள். அவர் நிமிர்த்தி வைத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

பயறு முளைத்துத் தரையை மூடியதும் மறுபடி போன் வந்தது.

"தெரியுதா?"

அவள் கணினியில் திறந்து பார்த்தாள். வயல் மூலையில் நாலு கட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பழுப்பில் ஒரு சொட்டுப் பச்சை கலந்தாற்போல லேசாக மாறியிருந்தன. அப்போதுதான் அவர் எதற்குக் கேட்டார் என்று அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லித்தானே பழக்கம்.

"லேசாத் தெரியுதுப்பா."

"லேசான்னா? போன்ல பாத்தா?"

"போன்ல பாத்தா... தெரியாது."

"சரியா அளந்துதான் போட்டேன். பத்துக்குப் பத்து."

"அளவு சரிதாம்ப்பா. ஆனா அவங்க கட்டம் நீங்க கயிறு கட்டுன இடத்துலயே வந்து உக்காராதில்ல. உங்களுது நாலு கட்டத்துக்கு நடுவுல விழுந்திருக்கு. ஒவ்வொண்ணுலயும் கால்வாசி. அதான் வெளுத்துத் தெரியுது."

"அப்ப எவ்ளோ போட்டா ஒண்ணாவது முழுசா விழும்?"

அவள் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். "இருபதுக்கு இருபது போட்டா எப்படி விழுந்தாலும் ஒரு கட்டம் முழுசா உள்ள வந்துரும். ஆனா அப்பா..."

"இப்பப் போட்ட மாதிரி நாலு மடங்கு."

"ஆமா. எதுக்குப்பா இதெல்லாம்?"

"சும்மா கேட்டேன்" என்றார் அவர். அவர் இவளுக்கென்றே சொன்ன பொய் அது ஒன்றுதான் என்று சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் பெரியவனுக்காகச் சொன்னது.

இருபதுக்கு இருபது போட்டார். இப்போது அம்மாவும் ஒரு குடத்தோடு கூடப் போனாள். ஐந்து நாளைக்கு ஒருமுறை புதுப் படம் வரும். சின்னவள் காலையில் ஆபீஸுக்குப் போனதும் சால்வையைக்கூடப் போர்த்தாமல் முதலில் அதைத்தான் திறப்பாள். ஒரு கட்டம் பச்சை ஏறிக்கொண்டே வந்தது. சுற்றிலும் கருகிக் கிடக்கிற நிலத்தில் ஒரே ஒரு கட்டம். கோடு மூன்று வருடம் கழித்துத் தலை தூக்கியது. அவளுக்கு அதில் ஒரு பெருமைகூட வந்துவிட்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒருநாள் டீம் லீடர் பின்னால் வந்து நின்றது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அது, பிழையா?"

"இல்ல சார். நிஜமாவே பச்சைதான். யாரோ தண்ணி ஊத்துறாங்க."

"அவ்வளவு சின்ன இடத்துக்கா?" அவர் குனிந்து பார்த்தார். "அருமையா இருக்கே. அந்த இடத்தைக் குறிச்சு வைங்க."

ஒரு நாள் மத்தியானம் அம்மா போன் செய்தாள். பக்கத்தில் யாரோ இருக்கிற மாதிரி ரகசியமாகப் பேசினாள்.

"ஏண்டி, நல்லாத் தெரியுது, போதும்ப்பான்னு ஒரு வார்த்தை சொல்லிடேன். நீ சொன்னா நிறுத்திருவாரு. கால் ரெண்டும் வீங்கிக் கிடக்கு. ஒரு வேளைச் சோறு முழுசா இறங்கலை. தூக்கத்துலகூட, கட்டம் மாறிப் போச்சு, கட்டம் மாறிப் போச்சுங்கிறாரு."

"இப்ப நிஜமாவே தெரியுதும்மா."

"அப்ப சொல்லு. ஊத்தாட்டியும் தெரியும்னு சொல்லு."

"ஊத்தாட்டி ரெண்டு படத்துல வெளுத்துரும். நான் சொன்னா அவர் நம்புவாரு. தையல்கடையில திறந்து பாக்கிறவன் நம்புவானா?"



"நீயும் உங்கப்பன் பொண்ணுதான்" என்றாள் அம்மா.

தையல்கடையில் உண்மையிலேயே திறந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். இப்போது சிரிப்பு வேறு மாதிரி ஆகியிருந்தது. இன்னும் எத்தனை படத்துக்குத் தாங்குவார் என்று பந்தயம் கட்டினார்கள். தையல்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு ஒருநாள் கத்தினார், இனி கடையில் எவனாவது போனை எடுத்தால் துணியைத் தூக்கி எறிவேன் என்று. அவர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள்.

அப்பா வரப்பில் விழுந்து கிடந்ததைக் கூடப் போன அம்மாதான் பார்த்தாள். கேன் சரிந்து தண்ணீர் அவர் வேட்டிக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். உயிருக்குப் பயமில்லை. வலது கை கால் விழுந்துவிட்டது, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு இனி வராது, வந்தாலும் யாருக்கும் புரியாது என்றார்கள்.

பெரியவன் அம்மாவோடு அவரை நகரத்துக்குத் தன் வீட்டுக்கே கொண்டுவந்தான். தனக்கென்று இருந்த அறையை அவருக்குக் கொடுத்தான். ஆள் வைக்கலாம் என்று அண்ணி சொன்னபோது வேண்டாம் என்று தானே தூக்கிக் குளிப்பாட்டினான். துடைத்துப் பவுடர் போட்டான். முதுகில் புண் வராமல் திருப்பித் திருப்பிப் படுக்கவைத்தான். ஒரு மகன் செய்ய வேண்டியதில் ஒன்றையும் விட்டான் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் செய்துகொண்டே பேசுவான். ஒருநாள் முதுகுக்குச் சோப்புப் போட்டுக்கொண்டே சொன்னான்:

"இனிமே உங்களுக்கு ஒரு கவலையும் இல்லப்பா. பொய்யும் பேச முடியாது, உண்மையும் பேச முடியாது."

அப்பாவின் இடது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அது சோப்பாகவும் இருக்கலாம். கதவருகே துண்டோடு நின்ற அம்மா, துண்டை அங்கேயே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஒரு சாயங்காலம் சின்னவள் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர் இடது கையைத் தூக்கி அவள் போனைக் காட்டினார். முதலில் புரியவில்லை. பிறகு விரலால் போர்வைமேல் ஒரு கட்டம் போட்டுக் காட்டினார்.

அவள் தளத்தைத் திறந்தாள். புதுப் படத்தில் அந்த மூலை வெளுக்கத் தொடங்கியிருந்தது. அவர் பக்கம் திருப்புவதற்கு முன்னால், அவருக்குத் தெரியாமல், பழைய படத்துக்குத் தள்ளினாள். கட்டம் நல்ல பச்சையாக இருந்த நாளின் படம். பிறகு காட்டினாள்.

"பாருங்கப்பா. எப்படி இருக்கு பாருங்க."

அவர் நெடுநேரம் பார்த்தார். கோணிய வாய் அசைந்தது. இடது கையின் ஆள்காட்டி விரலை மெல்ல எடுத்துத் திரையின் கீழ் மூலையில் வைத்தார். அங்கே படம் எடுத்த தேதி இருந்தது. தேதி இல்லாமல் ஒரு படமும் போகக்கூடாது என்று ஆபீஸில் சண்டை போட்டு அதை அங்கே வைத்தவள் அவள்தான். விரல் அங்கேயே இருந்தது. அவளைப் பார்த்தார்.

அவள் புதுப் படத்துக்குத் தள்ளினாள்.

அதையும் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்கப்புறம் அவள் கையால் கொடுத்த கஞ்சியை அவர் வாங்கவில்லை. அண்ணி கொடுத்தால் குடித்தார்.

தளத்தை முறையாகத் திறந்துவைக்கிற விழா ஒரு பெரிய அரங்கத்தில் நடந்தது. அதிகாரிகள், கல்லூரிப் பிள்ளைகள், பத்திரிகைக்காரர்கள் என்று நல்ல கூட்டம். டீம் லீடர் மேடையில் நின்று பேச, ஓரத்தில் மேசை போட்டு சின்னவள் கணினியை இயக்கினாள். என்னென்ன இடங்களைக் காட்டுவது என்று லீடரே தேர்ந்தெடுத்திருந்தார். அவற்றில் குறித்துவைத்த அந்த ஒரு கட்டமும் இருப்பது முந்தின நாள் ஒத்திகையில்தான் அவளுக்குத் தெரிந்தது. வேண்டாம் சார், வேற இடம் காட்டலாம் என்றாள். ஏன் என்று கேட்டார். காரணம் சொல்ல வாய் வரவில்லை. இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்று அவர் முடித்துவிட்டார்.

ஏரி சுருங்கியதைக் காட்டினார்கள். நகரம் பரவியதைக் காட்டினார்கள். பிறகு அப்பாவின் வயல் சுவர் அளவுக்குத் திரையில் விரிந்தது.

"இதைப் பாருங்க" என்றார் லீடர். "சுத்திலும் வறண்ட பூமி. அதுல ஒரே ஒரு கட்டம். ஒரு வீட்டு முற்றம் அளவுதான் இருக்கும். யாரோ ஒரு விவசாயி அதுக்கு மட்டும் தண்ணி ஊத்தி வளர்த்திருக்கார். அதைக்கூட நம்ம தளம் விடலை. இத்தனைக்கும் அந்த மனுஷன் யாருன்னே நமக்குத் தெரியாது."

கைதட்டல் எழுந்தது. சின்னவள் பச்சைக் கோட்டைத் திறந்தாள். படுத்துக் கிடந்த கோடு எழுந்து, ஏறி, உச்சிக்குப் போய், சரிந்து, மறுபடி படுத்தது. லீடர் கையிலிருந்த சிவப்பு விளக்குப் புள்ளி அந்தச் சரிவில் நின்றது.

"இங்க பாருங்க. இந்த வாரத்துல அவர் விட்டுட்டார். ஒரு மனுஷன் எப்ப கைவிட்டான்னு இனிமே வீட்ல உக்காந்தே தெரிஞ்சுக்கலாம்."

முன் வரிசையில் ஒரு கல்லூரிப் பெண் கையைத் தூக்கினாள். "அவர் ஏன் சார் விட்டாரு? அதுவும் இதுல தெரியுமா?"

லீடர் சிரித்துக்கொண்டே மேசைப் பக்கம் கை காட்டினார். "அந்த இடத்தைக் கண்டுபிடிச்சவங்களே இருக்காங்க. அவங்களையே கேட்டுருவோம்."

யாரோ மைக்கைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார்கள். அரங்கம் அவளைப் பார்த்தது. தெரியாது என்று சொல்லிவிடலாம். அது ஒரு வார்த்தை.

"தண்ணி தூக்கிட்டு வரும்போது வரப்புல விழுந்துட்டார்" என்றாள்.

லீடர், "பாத்தீங்களா, அது வரைக்கும் தெரியுது" என்று சொன்னார். அரங்கம் கொல்லென்று சிரித்தது. கேட்ட பெண்ணும் சிரித்தாள். நல்ல சமயத்தில் நல்ல ஜோக் என்று முன் வரிசை அதிகாரி ஒருவர் பக்கத்து ஆளிடம் சொல்வது அவளுக்குக் கேட்டது. மைக்கைத் திரும்பக் கொடுத்தாள்.

"அடுத்த இடத்துக்குப் போகலாம்" என்றார் லீடர்.

அவள் விசையைத் தட்டினாள். வயல் சிறுத்து, ஊர் சிறுத்து, எல்லாம் ஒரே பழுப்பாகிப் பின்னால் போயிற்று. திரையில் ஒரு பெரிய காடு வந்து நிறைந்தது.